ஜீப் ட்ரான்ஸ்ஃபர் கேஸ்: எங்கே ஆட்டம் விட வேண்டும், எங்கே இறுக்க வேண்டும்

வில்லிஸ் வழியில் வந்த பழைய மகிந்திரா ஜீப்புகளில் கியர்பாக்ஸுக்குப் பின்னால் தொங்குவது ஸ்பைசர் 18 ட்ரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது கியர்பாக்ஸின் இழுப்பை முன் ஆக்ஸிலுக்கும் பின் ஆக்ஸிலுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. இரண்டாம் உலகப் போர்க்கால ஜீப்பிலிருந்து வருகிற பெட்டி இது. செயின் கிடையாது, முழுக்கக் கியர்தான். வார்ப்பிரும்பு உடம்பு. ஒழுங்காகக் கட்டினால் பல வருடம் தொடவே வேண்டாம். ஆனால் கும்பகோணம், மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் பட்டறைக்கு வருகிற வண்டிகளில் ஒரே தவறு திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. பேரிங் புதிது, சீல் புதிது, கியரும் நன்றாகத்தான் இருக்கிறது. இருந்தும் சில மாதத்துக்குள் இரைச்சல், சூடு, பின் சீலில் ஒழுக்கு. பிரித்துப் பார்த்தால் பின் அவுட்புட் ஷாஃப்டின் டேப்பர் பேரிங் நீலம் பாரித்துக் கிடக்கும். "ஆட்டமே இருக்கக் கூடாது" என்று சிம்மை (அளவு பிடிக்க நடுவில் வைக்கிற மெல்லிய தகடு) எடுத்துவிட்டு இறுக்கியிருப்பார்கள்.

இந்தப் பெட்டிக்கு ப்ரீலோடு, அதாவது ஆட்டமே இல்லாமல் பேரிங்கை அழுத்தி இறுக்கி வைப்பது, கிடையாது. பின் அவுட்புட் ஷாஃப்டுக்கு முன்பின் ஆட்டம் 4 முதல் 8 தவ் (தவ் என்பது இஞ்ச்சில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரை இருக்க வேண்டும், அதாவது 0.10 முதல் 0.20 மி.மீ. ப்ரீலோடு வேண்டியது பின் ஆக்ஸிலில் இருக்கிற பினியனுக்கு. இரண்டிலும் டேப்பர் பேரிங், இரண்டிலும் சிம். அதனால் ஒன்றுக்குச் செய்வதை மற்றதற்கும் செய்துவிடுகிறார்கள்.

காரணம் தெரிந்தால் குழப்பம் வராது. பினியன் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. அதோடு கோத்து ஓடுகிற பெரிய பல்சக்கரமான கிரவுன் அதைத் தள்ளும்போது அரை தவ் நகர்ந்தாலும் பல் பொருந்துகிற இடம் மாறிவிடும், ஊளைச் சத்தம் வரும். அது நகரவே கூடாது என்பதால் இறுக்கி வைக்கிறோம். ட்ரான்ஸ்ஃபர் கேஸ் ஷாஃப்ட் அப்படியில்லை. இரண்டு பேரிங்குக்கும் நடுவில் கியர் உட்கார்ந்திருக்கிறது. கொஞ்சம் முன்பின் நகர்ந்தால் அந்தக் கியருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் லோ கியரில் சேற்றில் இழுக்கும்போது ஷாஃப்ட் உடம்பைவிட வேகமாகச் சூடாகும். பேரிங் இடைவெளி 150 மி.மீ., ஷாஃப்ட் உடம்பைவிட 30 டிகிரி கூடுதல் சூடு என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். ஷாஃப்ட் ஏறக்குறைய 0.05 மி.மீ. கூடுதலாக நீளும். ஆட்டம் விட்டிருந்தால் அந்த நீளம் அதற்குள் அடங்கிவிடும். விடாமல் இறுக்கியிருந்தால் ரோலரின் பெரிய முனை கோனின் (பேரிங்கின் உள்வளையம்) விளிம்பில் போய் அழுந்தித் தேயும். சூடு ஏறும், ஏறின சூட்டில் இன்னும் நீளும். நீலம் பாரிப்பது இப்படித்தான்.

அளவுக்கு மேல் ஆட்டம் விட்டாலும் கேடுதான். ஷாஃப்ட் தள்ளாடினால் சீலின் உதடு ஒரு பக்கம் தேய்ந்து ஒழுகும். இந்த ஜீப்பில் ஹேண்ட் பிரேக் டிரம் அந்த ஷாஃப்டின் வாலில்தான் இருக்கிறது. ஒழுகின எண்ணெய் நேராக பிரேக் ஷூவில் போய்ச் சேரும். ஹேண்ட் பிரேக் பிடிக்கவில்லை என்று வருகிற ஜீப்பில் கேபிளைத் தொடுவதற்கு முன் யோக்கை (ஷாஃப்ட் வாலில் புரொபெல்லர் ஷாஃப்ட் மாட்டுகிற கவட்டை) பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

பிரிப்பதற்கு முன்

பெட்டியின் வெளிப்புறத்தை டீசல் விட்டுப் பிரஷ்ஷால் நன்றாகக் கழுவிவிடுங்கள். நம் வண்டல் மண் காய்ந்தால் மாவு மாதிரி. திறந்த பெட்டிக்குள் ஒரு சிட்டிகை விழுந்தாலும் புதுப் பேரிங் போன மாதிரிதான்.

கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் இரண்டின் எண்ணெயையும் தனித்தனி டப்பாவில் இறக்கிப் பாருங்கள். பால் கலந்த டீ நிறம் என்றால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பித்தளைப் பொடி மின்னினால் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது, அல்லது கியர்பாக்ஸின் சிங்க்ரோ ரிங் தேய்ந்து எண்ணெயோடு இங்கே வந்திருக்கிறது. மெயின் ஷாஃப்ட் வழியாக எண்ணெய் ஒன்றிலிருந்து மற்றதற்குக் கடப்பது இந்த ஜோடியில் சகஜம். ஒன்றில் அளவு குறைந்து மற்றதில் ஏறியிருந்தால் நடுவில் இருக்கிற சீலையும் மெயின் ஷாஃப்ட் பேரிங்கையும் வேலைப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.

சாமான் வாங்கப் போகும் முன் இன்டர்மீடியேட் ஷாஃப்டின் (நடுக் கியர் ஓடுகிற ஷாஃப்ட்) விட்டத்தை வெர்னியரில் அளந்துவிடுங்கள். இந்தப் பெட்டி மூன்று அளவில் வந்திருக்கிறது: முக்கால் இஞ்ச் (19.05 மி.மீ.), ஒன்றே அரைக்கால் இஞ்ச் (28.6 மி.மீ.), ஒன்றேகால் இஞ்ச் (31.75 மி.மீ.). "ஜீப் ட்ரான்ஸ்ஃபர் கேஸ் கிட்" என்று கேட்டு வாங்கிவந்து, பெட்டியைத் திறந்துபோட்ட பிறகு நீடில் பேரிங் நுழையவில்லை என்று திரும்ப பஸ் ஏறுவது வீண் அலைச்சல். மெயின் ஷாஃப்ட் கியரின் பல்லையும் எண்ணுங்கள். 26 பல்லிலும் இருக்கிறது, 29 பல்லிலும் இருக்கிறது. பழைய சாமான் கடையிலிருந்து ஒரு கியரை மட்டும் வாங்கிக் கலந்து போடக் கூடாது.

பிரித்தல்

புரொபெல்லர் ஷாஃப்ட் இரண்டும், ஹேண்ட் பிரேக் கேபிள், ஸ்பீடோமீட்டர் கேபிள், லிவர் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பெட்டியின் பின்னால் பி.டி.ஓ. (வேறு கருவி ஓட்ட இழுப்பு எடுக்கிற இடம்) மூடி இருக்கும். அதைத் திறந்தால் மெயின் ஷாஃப்டின் நட்டு தெரியும். காட்டர் பின்னை உருவி நட்டையும் வாஷரையும் எடுங்கள். இனிமேல்தான் கவனம் தேவை. பெட்டியை அப்படியே பின்னால் இழுத்தால் கியர்பாக்ஸின் மெயின் ஷாஃப்டும் கூடவே வந்துவிடும். உள்ளே சிங்க்ரோ கலைந்தால் கியர்பாக்ஸையும் பிரிக்க வேண்டிவரும். அதைத் தடுக்க, கியர்பாக்ஸின் மேல் மூடியைக் கழற்றி, இரண்டாம் கியருக்குச் சரியாகப் பின்னால் மெயின் ஷாஃப்டைச் சுற்றிக் கம்பி போடுங்கள். மூடியின் போல்ட்டில் இடம் ஒன்றும் வலம் ஒன்றும் பாதி முறுக்கி, கம்பியின் இரு முனையையும் அவற்றில் கட்டி முறுக்குங்கள். பிறகு பெட்டிக்கு ஜாக்கி முட்டுக் கொடுத்து, ஷாஃப்ட் முனையில் பித்தளைத் தண்டு வைத்து மெல்லத் தட்டினால் கியர் விட்டுக்கொடுக்கும்.

பெட்டி மேஜைக்கு வந்ததும் அடி மூடியைத் திறந்துவிடுங்கள். பின்னால் பூட்டுத் தகட்டின் போல்ட்டை எடுத்து, இன்டர்மீடியேட் ஷாஃப்டை முன்னாலிருந்து பின்பக்கமாகத் தட்டி வெளியேற்ற வேண்டும். கியர், நீடில் பேரிங், த்ரஸ்ட் வாஷர் மூன்றும் அடிப்பக்கமாக வரும். ஷாஃப்டை உடனே துடைத்து விரல் நகத்தால் நீளவாக்கில் வருடுங்கள். நீடில் ஓடின தடம் நகத்தில் தட்டினால் ஷாஃப்ட் தள்ளுபடி. எம்ரி தாள் போட்டு மினுக்கினால் பார்க்க நன்றாக இருக்கும், மேல் பக்குவம் போன பரப்பு மறுபடி சீக்கிரமே குழியும். உடம்பில் ஷாஃப்ட் உட்காரும் ஓட்டையையும் பாருங்கள். கையால் தள்ளினாலே ஷாஃப்ட் போய் வந்தால் அந்த வழியாக எண்ணெய் கசியும், ஷாஃப்டும் சுழலப் பார்க்கும், பூட்டுத் தகடு முறியும். அப்போது லேத் பட்டறையில் புஷ் போட்டுத்தான் ஆக வேண்டும். சென்டர் பஞ்ச்சால் ஓட்டையைச் சுற்றிக் குத்தி இறுக்குகிற வழக்கம் உண்டு. அது நிற்காது. குத்தின மேடு அழுந்தினதும் பழையபடி தளர்ந்துவிடும்.

முன் மூடியை ஷிஃப்ட் ராடுகளோடு எடுக்கும்போது ஸ்பிரிங்கும் குண்டும் தெறிக்கும், துணியால் மூடிக்கொள்ளுங்கள். இரண்டு ராடுக்கும் நடுவில் ஒரு சிறு பின் இருக்கிறது. ஃபோர் வீல் போடாமல் லோ கியர் விழாதபடி தடுப்பது அதுதான். திரும்பக் கட்டும்போது அந்தப் பின் மேஜையிலேயே கிடந்துவிட்டால் வண்டி ஓடும், ஆனால் லோ கியரின் முழு இழுப்பும் பின் ஆக்ஸில் ஒன்றின் மேலேயே விழும்.

பேரிங் சொல்வது

கழற்றின பேரிங்கைத் தூக்கிப் போடாதீர்கள். கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். கப்பில் (பேரிங்கின் வெளிவளையம்) ரோலர் இடைவெளிக்கு ஒன்றாகக் குறுக்கே கறுப்புக் கோடுகள் இருந்தால், தண்ணீர் கலந்த எண்ணெயோடு வண்டி நெடுநாள் நின்றிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகையில் நிற்கிற ஜீப்பிலும், வேதாரண்யம் பக்கம் உப்பளத்துக்குப் போய்வருகிற ஜீப்பிலும் இதைப் பார்க்கலாம். 2018 நவம்பர் 16 அன்று கரையேறிய கஜா புயலில் வெள்ளத்தில் நின்றதுபோல, பெட்டி மட்டத்துக்குத் தண்ணீரில் நின்ற வண்டி எதுவானாலும் ஓட்டிப் பார்ப்பதற்கு முன் எண்ணெயை மாற்றியாக வேண்டும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனம். அடியில் தங்கி, கீழே நிற்கிற ரோலரைத்தான் முதலில் அரிக்கும்.

கோனின் பெரிய விளிம்பில் தேய்ப்பும் நீலமும் இருந்தால் இறுக்கம் அதிகம். கப்பில் தடம் ஒரு பக்கம் அகலமாகவும் எதிர்ப்பக்கம் குறுகலாகவும் ஓடியிருந்தால் கப் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறது, அல்லது ஓட்டையில் பிசிறு இருந்திருக்கிறது. கப்பின் வெளிப்புறம் மினுமினுவென்று இருந்தால் கப்பே உடம்புக்குள் சுழன்றிருக்கிறது. இதையெல்லாம் பார்க்காமல் புதுப் பேரிங்கை மட்டும் மாற்றினால் பழைய வியாதி புதுப் பேரிங்கிலும் வரும்.

கோனும் கப்பும் ஒரே தயாரிப்பில் ஜோடியாக மாற்றுங்கள். புதுக் கோனைப் பழைய கப்பில் ஓட்டுவது பணத்தை மிச்சப்படுத்தாது. கோனை ஷாஃப்டில் ஏற்ற 100 டிகிரி அளவில் எண்ணெயில் சூடாக்கினால் போதும், 120-ஐத் தாண்டக் கூடாது. கேஸ் டார்ச் நெருப்பைக் காட்டினால் உருக்கின் கடினம் போய்விடும்.

கட்டுதல்

அவுட்புட் ஷாஃப்டின் முன் முனையில் இருக்கிற பைலட் புஷ்ஷை இப்போதே மாற்றுங்கள். முன் அவுட்புட்டின் வால் அதற்குள்தான் ஓடுகிறது. விலை அற்பம், பிறகு மாற்ற வேண்டுமானால் எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும்.

இன்டர்மீடியேட் கியருக்கு ஒரு மரக்கட்டை கடைந்துகொள்ளுங்கள். விட்டம் ஷாஃப்டின் அளவு, நீளம் கியரின் அளவு. நீடில்களைக் கிரீஸ் தடவி உள்ளே ஒட்டி, கட்டையைச் செருகினால் கலையாது. த்ரஸ்ட் வாஷரின் காது உடம்பில் இருக்கிற பள்ளத்தில் விழ வேண்டும். நிஜ ஷாஃப்டைப் பின்னாலிருந்து தட்டத் தட்ட அது கட்டையை முன்னால் தள்ளிக்கொண்டு வந்துவிடும். வாஷரின் காது பள்ளத்தில் விழாமல் ஷாஃப்டை அடித்தால் வாஷர் மடிந்துபோகும். அது வெளியே தெரியாது, கியரைக் கையால் சுழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

சிம் வைத்து ஆட்டம் பிடித்தல்

வேலையின் உயிர் இங்கேதான். பின் மூடிக்கும் உடம்புக்கும் நடுவில் சிம் உட்காருகிறது. மூடி பின் கப்பைத் தள்ளுகிறது. சிம் கூடினால் மூடி விலகும், ஆட்டம் கூடும். சிம் குறைந்தால் ஆட்டம் குறையும். எவ்வளவு சிம் எடுக்கிறீர்களோ அவ்வளவு ஆட்டம் போகும், கணக்கு நேர்க்கணக்கு. கம்பெனி சிம் 3 தவ், 10 தவ், 31 தவ் கனத்தில் வரும், அதாவது ஏறக்குறைய 0.08, 0.25, 0.79 மி.மீ. கிடைக்காவிட்டால் சிம் தகடு வாங்கி வெட்டிக்கொள்ளலாம், ஒவ்வொன்றையும் மைக்ரோமீட்டரில் அளந்து மேலே எழுதிவையுங்கள். டின் தகட்டை வெட்டிப் போட வேண்டாம். அதன் ஓரப் பிசிறு முதலில் தூக்கிப் பிடிக்கும், பிறகு நசுங்கும். நசுங்கின அளவுக்கு ஆட்டம் குறைந்து பேரிங் இறுகும்.

முதலில் வேண்டுமென்றே சிம்மைக் கூடுதலாக வையுங்கள். கையால் ஆட்டினால் தெரிகிற அளவு ஆட்டம் இருக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து அளக்க முடியாது, இருக்கிற ஆட்டத்திலிருந்துதான் குறைக்க முடியும். முன் மூடி, பின் மூடி இரண்டையும் எல்லாப் போல்ட்டோடும் முழுசாக முறுக்குங்கள். யோக் நட்டையும் முழு இறுக்கம் கொடுங்கள். பாதி முறுக்கின மூடியில் எடுத்த அளவுக்கு மதிப்பில்லை.

சிம் சேர்த்தபோதெல்லாம் ஒன்று செய்ய வேண்டும். பின் கப் தானாகப் பின்னால் வராது. ஷாஃப்டின் முன் முனையை மரச்சுத்தியால் பின்பக்கமாகத் தட்டினால்தான் கப் நகர்ந்து மூடியில் போய் அணையும். இதை விட்டுவிட்டால் டயல் கேஜ் குறைந்த ஆட்டம் காட்டும். நீங்களும் சரியென்று மூடிவிடுவீர்கள். வண்டி ஓடினதும் கப் நகர்ந்து ஆட்டம் பெருகும்.

அடுத்து ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டே பத்துப் பதினைந்து சுற்றுச் சுற்றுங்கள். ரோலர்கள் தம் இடத்தில் உட்கார இது அவசியம். பேரிங்கில் கியர் எண்ணெய் பூசியிருக்க வேண்டும், கெட்டிக் கிரீஸ் ஆட்டத்தை மறைக்கும். டயல் கேஜின் காந்த ஸ்டாண்டை உடம்பில் நிறுத்தி, முள்ளை ஷாஃப்ட் முனைக்கு நேராக வையுங்கள். சாய்வாக வைத்தால் அளவு தப்பும். ஷாஃப்டை முன்னால் தள்ளி டயலைப் பூஜ்யம் செய்து, பின்னால் இழுத்துப் படியுங்கள். மூன்று தரம் எடுத்து மூன்றும் ஒன்றாக வந்தால் நம்பலாம்.

0.46 மி.மீ. வந்தது என்று வைத்துக்கொள்வோம். 10 தவ் சிம் ஒன்றை எடுத்தால் 0.21 ஆகும், எல்லைக்கு ஒரு இழை வெளியே. கூட ஒரு 3 தவ் சிம்மையும் எடுத்தால் 0.13. இது நல்ல இடம். புதுப் பேரிங் ஓடிப் பழகியதும் ஆட்டம் லேசாகக் கூடும் என்பதால் 0.10-க்கும் 0.15-க்கும் நடுவில் விடுவது எங்களுக்குப் பிடித்தமானது. எடுத்த பிறகு மறுபடி முறுக்கி மறுபடி அளக்க வேண்டும். கணக்கு சரியாக வந்தது என்று அளக்காமல் விடக் கூடாது.

சிம்முக்கு சிலிகான் பேஸ்ட்டைத் தாராளமாகப் பிதுக்குகிற பழக்கம் இந்த அளவைக் கெடுக்கிறது. காய்ந்த பேஸ்ட்டும் ஒரு சிம்தான், ஆனால் அளக்க முடியாத சிம். உலர வைத்து அளந்து முடித்த பிறகு, கடைசித் தடவை மூடும்போது மட்டும் விரலால் மெல்லிசாகத் தடவி உடனே முறுக்குங்கள். சீல் உதட்டிலும் எண்ணெய் தடவுங்கள், காய்ந்த சீல் முதல் கிலோமீட்டரிலேயே கருகும்.

பினியனுக்கு வேறு கணக்கு

பின் ஆக்ஸிலையும் சேர்த்துத் திறந்திருந்தால் அதற்கு டயல் கேஜ் போதாது, ஸ்பிரிங் தராசு வேண்டும். ஸ்பைசர் 44 ஆக்ஸிலில் புதுப் பேரிங்குக்குச் சுழற்றும் எதிர்ப்பு 20 முதல் 40 இஞ்ச் பவுண்டு, அதாவது 2.3 முதல் 4.5 நியூட்டன் மீட்டர். கிரவுனை வெளியே எடுத்து, சீல் போடாமல், யோக்கின் உருண்டைப் பகுதியில் நூல் சுற்றித் தராசால் இழுக்க வேண்டும். அந்த உருண்டையின் விட்டம் 6 செ.மீ. என்றால் தராசு 8 முதல் 15 கிலோ காட்ட வேண்டும். விட்டம் வேறானால் கணக்கும் மாறும், ஆரத்தை அளந்து பெருக்கிக்கொள்ளுங்கள். கிளம்பும்போது முள் எகிறும், அது கணக்கில்லை. ஒரே சீராகச் சுற்றி வரும்போது காட்டுவதுதான் அளவு. ஓடின பேரிங்கையே திரும்பப் போட்டால் இதில் பாதி போதும். இங்கே சீல் போட்டு அளந்தால் சீலின் உரசலும் சேர்ந்து பொய் சொல்லும். ட்ரான்ஸ்ஃபர் கேஸில் முன்பின் ஆட்டம் அளக்கும்போது சீல் இருந்தாலும் பரவாயில்லை.

எண்ணெயும் முதல் ஓட்டமும்

பெட்டிக்கு சுமார் ஒன்றரை லிட்டர் 90 கியர் ஆயில் பிடிக்கும். பக்கத்து ஓட்டையில் வழிகிற வரை ஊற்றினால் சரி. கியர்பாக்ஸில் பித்தளை சிங்க்ரோ ரிங் இருப்பதாலும் எண்ணெய் இரண்டுக்கும் கடப்பதாலும் இரண்டிலும் ஜி.எல். 4 போடுவது நல்லது. காற்று விடும் துளையைக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்யுங்கள். அது சேற்றில் அடைத்துக்கொண்டால், சூடான பெட்டி வாய்க்காலில் இறங்கிக் குளிரும்போது சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும். சீல் புதிதாக இருந்தும் எண்ணெய் பால் நிறமாகிறது என்றால் முதலில் இந்தத் துளையைப் பாருங்கள்.

பத்து கிலோமீட்டர் ஓட்டி, இறங்கி, முன் மூடியிலும் பின் மூடியிலும் கை வையுங்கள். இரண்டும் ஒரே மாதிரி சூடாக இருக்க வேண்டும். பின் மூடியில் மட்டும் கை வைக்க முடியவில்லை என்றால் மேற்கொண்டு ஓட்டாதீர்கள், சிம்மைத் திரும்பப் பாருங்கள். ஐந்நூறு கிலோமீட்டர் கழித்து மூடி போல்ட்டுகளை ஒரு தரம் சரிபார்த்து, டயல் கேஜையும் வைத்துப் பார்ப்பது நல்லது.

மேட்டூர் ஜூன் 12-ல் திறந்தால் குறுவைக்கு வண்டி வேண்டும். அதனால் சித்திரை, வைகாசியில் இந்த வேலையை வைத்துக்கொள்வதே சௌகரியம். வயலும் வாய்க்காலும் காய்ந்து கிடக்கும், பட்டறையில் அவசரமும் இருக்காது.

ஓட்டுகிறவர்களுக்கு ஒன்று. வயலிலிருந்து தார் ரோட்டுக்கு ஏறும் முன் ஃபோர் வீலை எடுத்துவிடுங்கள். இந்தப் பெட்டியில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. திருப்பத்தில் முன் சக்கரமும் பின் சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும், தாரில் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் கியரிலும் இப்போது கட்டின பேரிங்கிலும் ஏறும். லிவர் வெளியே வர மறுத்தால் மிதித்து இழுக்க வேண்டாம், நேராக நாலடி ரிவர்ஸ் எடுங்கள், தானாக விடும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று போட்டு ஃபோர் வீலில் ஓட்டினாலும், நேர் ரோட்டிலேயே இதே முறுக்கு ஏறும். நான்கு டயரின் சுற்றளவையும் டேப் வைத்து அளந்து, வித்தியாசம் இருந்தால் நான்கும் ஒரே சுற்றளவு வரும்படி டயரை மாற்றிச் சமன் செய்யுங்கள்.